வெனிலாக் கொடி: துண்டு நடுவதிலிருந்து காய் மணக்கும் வரை

நான் நட்ட முதல் வெனிலாத் துண்டு மூன்றே வாரத்தில் கூழாகிப் போனது. கவனிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆழமான குழி, நல்ல கரிய தோட்ட மண், காலையும் மாலையும் தண்ணீர். கத்தரிக்கோ தக்காளிக்கோ இதெல்லாம் ராஜ உபசாரம். வெனிலாவுக்கு மூன்றுமே கெடுதல் என்பது பிடுங்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. மண்ணுக்குள் இருந்த பகுதி முழுக்க பழுப்பாகி, விரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு வந்தது. மண்ணுக்கு வெளியே நின்ற கணுவிலிருந்து மட்டும் ஒரு வெள்ளை வேர், காற்றில் எதையோ தேடுவது போல நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த வேர் சொன்ன சேதிதான் இந்தக் கட்டுரை முழுவதும். இதை மண்ணில் வளரும் செடியாகப் பார்த்தால் தோற்றுப்போவோம். மரத்தைப் பற்றிக்கொண்டு, பாதி காற்றில் வாழும் காட்டுக்கொடி இது.

காட்டில் இது எப்படி வாழ்கிறது

வெனிலா ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தப் பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தாலும், நாம் மணத்துக்காக வளர்ப்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: வெனிலா பிளானிஃபோலியா. மெக்சிகோவின் தென்பகுதியும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். வெப்பமண்டல மழைக்காட்டின் அடித்தளத்தில் முளைத்து, பக்கத்தில் இருக்கும் மரத்தைப் பிடித்து, 10 மீட்டருக்கும் மேலே ஏறிவிடும்.

தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரல் தடிமனில் சதைப்பற்றாக இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் ஒரு பக்கம் தடித்த இலை, அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு பற்றுவேர். அந்த வேர் மரப்பட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மரத்திலிருந்து சாறு எதையும் உறிஞ்சாது, வெறும் தாங்கலுக்குத்தான். உணவு எடுக்கும் வேர்கள் தரையில் உதிர்ந்து மக்கிக்கிடக்கும் இலைப்படுகையிலேயே ஓடும். சில சென்டிமீட்டர் ஆழம்தான், அதற்குக் கீழே போகாது. மேலே மழை கொட்டினாலும் அந்தப் படுகையில் தண்ணீர் தேங்காது. ஈரமும் இருக்கும், காற்றும் புகும். வெயில் மரக்கிளைகளுக்கு இடையே சலித்து, புள்ளி புள்ளியாகத்தான் விழும்.

இதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டால் மீதி வேலையில் பாதிக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இடமும் தாங்கு மரமும்

பகலில் 21 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இதற்குச் சுகம். இரவில் 15 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். உறைபனி பட்டால் கொடி பிழைக்காது. காற்றில் ஈரப்பதம் 70–80 சதவீதம் இருந்தால் நல்லது. குளிர் நாடுகளில் இருப்பவர்கள் கண்ணாடிக் கூடாரத்தில் வளர்க்கலாம். வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தால் அழகாகப் படரும், ஆனால் பூப்பது அபூர்வம். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு வாங்கினால் பிறகு வருத்தம் இல்லை.

நிழல் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. மரநிழல் இல்லாத இடத்தில் 50 சதவீத நிழல்வலை போதும். அளவு சரியா என்று இலையே சொல்லிவிடும். இலை மஞ்சளடித்து, வெயில் பட்ட பக்கம் வெளிறிப் புண்ணானால் வெயில் அதிகம். கரும்பச்சையாக, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு ஒல்லியாகப் போனால் வெளிச்சம் போதவில்லை.

தாங்கு மரத்தை அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்காதீர்கள். கொடி அதன் மேல் பத்து வருடம்கூட இருக்கலாம். பட்டை சொரசொரப்பாக இருக்க வேண்டும். உரிந்து விழும் பட்டை கூடாது, வேர் பிடித்த இடத்தோடு சேர்ந்து கழன்றுவிடும். தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டருக்குள் கிளை பிரிய வேண்டும். ஏன் என்பது பூக்கும் காலத்தில் புரியும்: ஒவ்வொரு பூவையும் நாம் கையால் தொட்டாக வேண்டும், ஏணி போட்டுக்கொண்டு தினமும் அந்த வேலை ஆகாது. கிளைரிசிடியா, கல்யாண முருங்கை போன்றவை பல நாடுகளிலும் இதற்குப் பயன்படுகின்றன. சீக்கிரம் வளரும், வெட்டினால் தழைக்கும், இலையும் உரமாகும். கொடி நடுவதற்கு ஆறு மாதம் முன்பாவது மரத்தை நட்டுவிடுங்கள். மரத்துக்கு முன்னால் கொடி வந்துவிட்டால், பிடிக்க ஆள் இல்லாமல் தரையில் புரளும்.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்குத் தடித்த மரக்கம்பம் போதும். இல்லாவிட்டால் கம்பிவலையைக் குழாய் போலச் சுருட்டி, உள்ளே தேங்காய் நாரைத் திணித்து நிறுத்தலாம். கம்பத்தின் உச்சியில் குறுக்காக ஒரு கட்டை அடித்துவிடுங்கள். கொடியை மடக்கித் தொங்கவிட அது வேண்டும்.

துண்டு நடுவது

விதையை மறந்துவிடலாம். வெனிலா விதை தூசி மாதிரி இருக்கும். தானாக முளைக்கக் காட்டுப் பூஞ்சையின் துணை வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகக் குப்பியில்தான் முளைக்க வைக்க முடியும். எல்லோரும் தண்டுத் துண்டுதான் நடுகிறார்கள்.

துண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு சீக்கிரம் பூக்கும். தோட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் வரை, 8 முதல் 12 கணு உள்ள துண்டு நல்லது. மூன்று நான்கு கணு உள்ள குட்டித் துண்டும் பிழைக்கும், ஆனால் ஒரு வருடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். நோயில்லாத, இதுவரை காய்க்காத தண்டாகப் பாருங்கள். இலையில் தேமல் மாதிரி வெளிர் திட்டுகள் இருந்தால் தொடாதீர்கள். அது வைரஸாக இருக்கலாம். வந்தால் மருந்து கிடையாது.

வெட்டும்போது வடியும் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

வெட்டியதும் நடக் கூடாது. அடியிலுள்ள மூன்று நான்கு கணுக்களின் இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில், காற்றோட்டமாக ஒரு வாரம் கிடத்தி வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும், தண்டு லேசாகத் துவண்டு வளைக்க வசதியாகும். வாடிவிட்டதே என்று பதறி உடனே தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். சதைப்பற்றான தண்டு, ஒரு வாரத்தை அது தாங்கும்.

நடுவது என்ற சொல்லே இங்கே கொஞ்சம் தப்பு. படுக்க வைப்பது என்றுதான் சொல்ல வேண்டும். மரத்தடியில் மக்கிய இலையை ஒரு சாண் உயரத்துக்குக் குவித்துப் படுகை போடுங்கள். இலை நீக்கிய பகுதியை அதன் மேல் கிடையாகக் கிடத்தி, மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இலைமட்கால் மூடுங்கள். வெட்டுவாய் மட்டும் வெளியே காற்றில் நீட்டிக்கொண்டிருக்கட்டும். அழுகல் உள்ளே நுழையும் வாசல் அதுதான். இலையுள்ள மீதித் தண்டை மரத்தோடு அணைத்து, பற்றுவேர் இருக்கும் பக்கம் பட்டையைத் தொடுமாறு, வாழைநார் அல்லது பருத்தித் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் கயிறு சதையை அறுத்துவிடும். தலைகீழாக வைத்துவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிரிக்க வேண்டாம், இலை கிள்ளிய பிறகு எது மேல் எது கீழ் என்று குழம்புவது சுலபம்.

தொட்டிக்கு மண்ணே வேண்டாம். மரப்பட்டைச் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு, மக்கிய இலை, கொஞ்சம் கரித்துண்டு. இந்தக் கலவையில் கைநிறைய அள்ளி அழுத்திவிட்டுத் திறந்தால் உதிர வேண்டும், உருண்டையாக நிற்கக் கூடாது. நார்க்கழிவு சேர்ப்பதாக இருந்தால் நன்றாக அலசி உப்பை நீக்கிவிடுங்கள்.

வேர் பிடிக்க நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை படுகை லேசான ஈரத்தில் இருந்தால் போதும். நுனியில் புதுத் தளிர் நகர ஆரம்பித்தால், பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

பூக்கும் வரையான இரண்டு மூன்று வருடங்கள்

இந்தக் காலத்தில் அதிகம் செய்யாமல் இருப்பதுதான் வேலை. விரலை மூடாக்குக்குள், அதாவது மேலே போட்ட மக்கிய இலைக்குள், விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் விட வேண்டாம். கோடையில் காலை வேளையில் கொடிமேலும் மரப்பட்டை மேலும் தெளிக்கலாம். இரவில் இலை நனைந்தே இருப்பது நோய்க்கு அழைப்பு, ஆகவே மாலைத் தெளிப்பு வேண்டாம்.

மண்வெட்டியை மரத்தடிக்குக் கொண்டுபோகவே கூடாது. வேர் எல்லாம் மேலேயே ஓடுவதால் ஒரு கொத்து கொத்தினால் ஒரு வருட வளர்ச்சி போய்விடும். களையைக் கையால் பிடுங்கி அங்கேயே போட்டுவிடுங்கள். வருடத்தில் இரண்டு மூன்று முறை மக்கிய இலையும் கொஞ்சம் மண்புழு உரமும் மேலே பரப்பினால் சாப்பாடு முடிந்தது. தொட்டிக் கொடிக்கு ஆர்க்கிட் உரத்தை உறையில் சொன்ன அளவில் கால்பங்காகக் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தரலாம்.

ஒரே ஒரு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது, அது கொடியை மடக்குவது. கிளை பிரியும் உயரத்தை நுனி தாண்டியதும், பட்டையிலிருந்து மெதுவாகப் பிரித்து, கிளைக்கு மேலே போட்டுத் தொங்கவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு செய்தால் தண்டு சற்றுத் துவண்டிருக்கும், ஒடியாது. தொங்கி வந்து தரையைத் தொடும் இடத்தில் ஒரு கணுவை மூடாக்கில் புதைத்தால் அங்கே புது வேர் விடும். நுனியை மறுபடி மரத்தில் ஏற்றிவிடுங்கள். இப்படிச் சுற்றிச் சுற்றி வளரும் கொடிக்கு வேர் பல இடத்தில். ஒரு வேர் அழுகினாலும் உயிர் போகாது.

பூக்க வைப்பது

ஏறிக்கொண்டே போகும் கொடிக்குப் பூக்க மனம் வராது. தொங்கும் பகுதியில்தான் பூ வரும். வழக்கமாகப் பூக்கும் காலத்துக்கு ஆறேழு மாதம் முன்பு, தொங்கும் நுனியில் 10–15 சென்டிமீட்டரைக் கிள்ளிவிடுங்கள். பிறகு சுமார் இரண்டு மாதம் தண்ணீரைக் குறையுங்கள். வாட விட வேண்டாம், தாகம் தெரிந்தால் போதும். தாங்கு மரத்தைக் கொஞ்சம் கவாத்து செய்து வெளிச்சத்தையும் கூட்டலாம்.

பிறகு இலைக்கோணத்தில் ஒரு சிறு பச்சைக் குமிழ் வரும். அது தளிரா பூங்கொத்தா என்று முதலில் தெரியாது. பருத்து, செதில் செதிலாக அடுக்கினால் பூங்கொத்து. ஒரு கொத்தில் 15–20 மொட்டு இருக்கும். எல்லாம் சேர்ந்து மலராது. நாளுக்கு ஒன்று, சில நாள் இரண்டு.

அந்த ஒரு காலை

வெளிர் பச்சையும் மஞ்சளும் கலந்த பூ விடியற்காலையில் விரியும். மதியத்துக்குள் துவண்டுவிடும். அதன் ஆயுளே அவ்வளவுதான். அந்தச் சில மணி நேரத்துக்குள் மகரந்தம் சேரவில்லை என்றால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ உதிர்ந்துவிடும். தாயகக் காடுகளில் சில தேனீ வகைகள் இந்த வேலையைச் செய்கின்றன; அங்கேயும் இயற்கையாகக் காய் பிடிப்பது மிகக் குறைவுதான். மற்ற இடங்களில் தேனீ நாம்தான்.

ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டிலேயே வெனிலாவை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். கொடி வளர்ந்தது, பூத்தது, காய் மட்டும் இல்லை. 1836-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் தாவரவியலாளர் சார்ல் மோரன் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்தார். ஆனால் தோட்டத்தில் நாள் முழுக்கச் செய்யக்கூடிய எளிய வழியைக் கண்டுபிடித்தது 1841-இல், இன்று ரீயூனியன் என்று அழைக்கப்படும் தீவில், எட்மண்ட் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன். ஒரு குச்சியும் கட்டைவிரலும்தான் அவன் கருவி. 1848-இல் அடிமைமுறை ஒழிந்து விடுதலை கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. 1880-இல் வறுமையில்தான் இறந்தார். இன்று உலகம் முழுக்க நாம் செய்வது அவர் காட்டிய அதே கையசைவைத்தான்.

சரி, செய்முறைக்கு வருவோம். ஈர்க்குச்சி அல்லது பல்குத்தும் குச்சி ஒன்றை எடுத்து முனையை மழுக்கிக்கொள்ளுங்கள். காலை ஏழிலிருந்து பத்து மணிக்குள் போய்விடுங்கள்.

பூவின் ஐந்து இதழ்கள் விரிந்திருக்கும். ஆறாவது, உதடு போன்ற இதழ், குழாய் மாதிரி சுருண்டு நடுத்தூணை மூடியிருக்கும். இடது கையால் பூவின் பின்பக்கத்தைத் தாங்கிப் பிடியுங்கள், கட்டைவிரல் முன்னால் வரட்டும். வலது கைக் குச்சியால் அந்த உதட்டிதழை நீளவாக்கில் கிழித்துக் கீழே தள்ளுங்கள். பாவம் பார்க்க வேண்டாம், மதியம் எப்படியும் வாடப்போகிறது. இப்போது நடுத்தூண் தெரியும். அதன் நுனியில் மூடி போட்ட மாதிரி மஞ்சள் மகரந்தம். கீழே ஒரு சிறு குழி, பிசுபிசுப்பாக இருக்கும், அதுதான் சூல்முடி. இரண்டுக்கும் நடுவே நாக்கு மாதிரி ஒரு மெல்லிய சவ்வு தொங்கும். மில்லிமீட்டர் கணக்கில் பக்கத்தில் இருந்தும் ஒன்றோடொன்று சேராமல் தடுப்பது இந்தச் சவ்வுதான்.

குச்சியின் முனையை அந்தச் சவ்வுக்கு அடியில் நுழைத்து மேல்நோக்கித் தூக்குங்கள். சவ்வு மடங்கி வழிவிடும். அதே நொடியில் இடது கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூல்முடி மேல் மெதுவாக அழுத்துங்கள். குச்சியை உருவிவிடுங்கள். மஞ்சள் பிசின் சூல்முடியில் ஒட்டியிருந்தால் முடிந்தது. முதல் பூவுக்கு ஐந்து நிமிடம் ஆகும், கை நடுங்கும், இரண்டு பூவைப் பிய்த்தும் விடுவீர்கள். பத்தாவது பூவில் பத்து நொடி போதும். தேர்ந்த கைகள் ஒரே காலையில் ஆயிரம் பூவைக் கடந்துவிடும்.

பலித்ததா என்று மறுநாளே கொஞ்சம் தெரியும். பலித்த பூ வாடினாலும் உதிராது, காய்ந்து அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பூக்காம்பு என்று நாம் நினைப்பது உண்மையில் சூலகம். அது நீள ஆரம்பிக்கும்.

எல்லாப் பூவையும் சேர்த்துவிட ஆசை வரும். கொத்துக்கு எட்டு பத்து காய் போதும், அதுவும் கொத்தின் கீழ்ப்பக்கத்துப் பூக்களில். அவைதான் நேராகத் தொங்கும். மீதி மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். பேராசைப்பட்டு அத்தனையையும் காய்க்க விட்டால் காய்கள் குட்டையாகும், கொடியும் அடுத்த வருடம் படுத்துவிடும்.

காய்க்குக் காத்திருப்பது, நோய்க்குக் கண் வைப்பது

ஆறேழு வாரத்தில் காய் முழு நீளம், அதாவது 15–20 சென்டிமீட்டர் வந்துவிடும். அப்புறம்தான் சோதனை. முற்றுவதற்கு மொத்தம் எட்டு ஒன்பது மாதம் ஆகும். நீளம் வந்துவிட்டதே என்று பறித்தால் கடைசியில் மணமே வராது. காயின் அடிநுனியில் மஞ்சள் தட்டும் நாள்தான் பறிக்கும் நாள். மஞ்சள் பரவ விட்டால் காய் வெடித்துவிடும். ஒரே கொத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள் முற்றும் என்பதால், தினமும் ஒரு பார்வை பார்த்து ஒவ்வொன்றாகக் கிள்ளுங்கள்.

பெரிய எதிரி ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வேரழுகல். தரைவேர் பழுப்பாகிச் சாகும், கொடி பதற்றத்தில் மேலிருந்து புதுப்புது வேர்களைத் தரைக்கு அனுப்பும், அவையும் மண்ணைத் தொட்டதும் கருகும், தண்டு சுருங்கும். இந்த நிலையில் மருந்து தேடிக்கொண்டிருக்காமல், நல்ல கத்தியைத் தீயில் காட்டிவிட்டு, பச்சையாக இருக்கும் மேல்பகுதியை வெட்டியெடுத்து வேறு இடத்தில் புதுத் துண்டாக நடுங்கள். பழைய இடத்தில் மறுபடி வைக்கக் கூடாது. நத்தைகள் இளந்தளிரை இரவோடு இரவாக மொட்டையடிக்கும். டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல வைத்தியம் நான் பார்க்கவில்லை.

மணத்தை வரவழைப்பது

பறித்த பச்சைக் காயை முகர்ந்தால் பச்சை பீன்ஸ் வாசம்தான் வரும். மணம் தரும் வெனிலின், சர்க்கரையோடு கட்டுண்டு காய்க்குள் கிடக்கிறது. காயின் நொதிகள் அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும். அதற்கு வெப்பம், வியர்வை, நேரம் மூன்றும் தேவை.

தண்ணீரை 63–65 டிகிரிக்குச் சூடாக்கி, காய்களை மூன்று நிமிடம் முக்கியெடுங்கள். கைக்கணக்கு வேண்டாம், வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள். கொதிநீரில் போட்டால் நொதியே செத்துவிடும். சூடாக இருக்கும்போதே கம்பளியில் சுற்றி, சூடு போகாத பெட்டியில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். திறக்கும்போது காய் வியர்த்து, சாக்லேட் நிறமாகியிருக்கும். அப்போதுதான் முதல் மணம் லேசாக வரும்.

அடுத்து ஒரு வாரம் பத்து நாள், தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் வெயிலில் கம்பளி மேல் பரப்பி, சூடேறியதும் சுருட்டிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பிறகு நிழலில், காற்றோட்டமான தட்டில் மூன்று நான்கு வாரம். காய் சுருங்கி, எண்ணெய் தடவின மாதிரி பளபளத்து, விரலில் சுற்றினால் ஒடியாமல் சுற்றும் பதத்தில் நிறுத்துங்கள். மொடமொடவென்று காய விட்டால் மணம் போச்சு. ஆறு கிலோ பச்சைக் காய் கடைசியில் ஏறக்குறைய ஒரு கிலோவாகும்.

கடைசியாக, மெழுகுத்தாளில் சுற்றி மூடிய பெட்டியில் இரண்டு மூன்று மாதம். வாரம் ஒருமுறை திறந்து ஒவ்வொரு காயையும் பாருங்கள். காய்மேல் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் உடனே வீசிவிடாதீர்கள், வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். ஊசி ஊசியாக மின்னினால் அது வெனிலின் படிகம், நல்ல காய்க்கு வருவது. மின்னாமல் பஞ்சு மாதிரியோ மாவு மாதிரியோ இருந்து, மக்கிய வாடையும் அடித்தால் பூஞ்சை. அந்தக் காயை எடுத்துவிட்டு, கூட இருந்தவற்றையும் ஒரு நாள் நிழலில் காற்றாட விட்டு, பெட்டியைத் துடைத்துக் காயவைத்த பிறகு மறுபடி அடுக்குங்கள்.